ஒத்தைச் சக்கரம், ஒரு ராத்திரி: தேனியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியா

யூனிசைக்கிள்ல ஒரு ராத்திரி தங்குற மாதிரி வெளியூர்ப் பயணம் போகப் போறேன்னு போன எபிசோட்ல சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பெரும்பாலும் மூணே கேள்விதான். பையை எங்க கட்டுவீங்க? பிரேக் இருக்கா? எதுக்கு இந்த வேலை? முதல் ரெண்டுக்கும் இன்னைக்கு முழுசா பதில் சொல்றேன். மூணாவது கேள்வியை எங்க அம்மாவும் கேட்டுட்டாங்க, அவங்களுக்கே இன்னும் பதில் சொல்லல.

முதல்லயே ஒண்ணை ஒத்துக்கறேன். தேனியிலிருந்து குமுளி வரைக்கும் போறதுதான் திட்டம். நான் போனது கூடலூர் வரைக்கும். நடுவுல ஒரு பெடல் கழண்டு ரோட்டுல விழுந்துச்சு. அது ஏன் கழண்டுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாலே, வண்டியை எப்படித் தயார் பண்ணணும்ங்கிறதுல பாதி புரிஞ்சிடும்.

முதல்ல சக்கரம்

யூனிசைக்கிள்னா சர்க்கஸ்ல பார்க்கிற சின்ன வண்டி ஞாபகம் வரும். அது பெரும்பாலும் 20 இன்ச் சக்கரம். அதுல பெடல் நேரா ஹப்போட சேர்ந்திருக்கு. செயின் கிடையாது, கியர் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. பெடலை ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரு சுத்துதான். 20 இன்ச்ல ஒரு சுத்துக்கு சுமார் 1.6 மீட்டர் நகருவீங்க. 29 இன்ச்ல 2.3 மீட்டர். 36 இன்ச்ல ஏறக்குறைய 2.9 மீட்டர். தூரம் போறவங்க பெரிய சக்கரம் வாங்குறதுக்கு இதுதான் காரணம்.

இங்கிலாந்துக்காரர் எட் பிராட் 2015-ல கிளம்பி 2018-ல திரும்பினார். யூனிசைக்கிள்ல உலகத்தையே சுத்தி வந்தவர். சாமான் எல்லாத்தையும் வண்டியிலயே கட்டிக்கிட்டு 33,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டினார். அவர் ஓட்டினது 36 இன்ச். அதனால "நீயும் 36 வாங்கு"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. நான் 29 எடுத்தேன். காரணம் ரொம்பச் சாதாரணம். 29 இன்ச் டயரும் ட்யூபும் மலை சைக்கிளுக்கும் அதேதான். மதுரையிலயும் தேனியிலயும் பெரிய சைக்கிள் கடையில கேட்டா கிடைக்க வாய்ப்பு இருக்கு. 36 இன்ச் டயர் கிழிஞ்சா பஸ் ஏறி வீட்டுக்கு வர்றதைத் தவிர வழியில்ல. மூணு வருஷப் பயணத்துக்கு வேகம் முக்கியம். ரெண்டு நாள் பயணத்துக்கு, பக்கத்துக் கடையில என்ன கிடைக்கும்ங்கிறதுதான் முக்கியம்.

தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். 29 இன்ச் சக்கரத்துல கணக்குப் போட்டா 17,000 தடவைக்கு மேல பெடல் சுத்தணும். சாதா சைக்கிள்ல இறக்கம் வந்தா காலை நிறுத்திட்டுப் போகலாம். இதுல அந்த லீவு கிடையாது. ஏறும்போதும் சுத்தணும், இறங்கும்போதும் சுத்தணும். இறக்கத்துல வண்டி உங்க காலை இழுத்துக்கிட்டு ஓடும், நீங்க முட்டியால அதைப் பிடிச்சு நிறுத்தணும். அதுக்குத்தான் பிரேக். ஆமா, யூனிசைக்கிள்ல பிரேக் வைக்கலாம். என் வண்டியில ரிம்மைப் பிடிக்கிற பிரேக், சீட்டுக்குக் கீழ ஒரு சின்ன லீவர். அதை சடார்னு அழுத்தினா முன்னாடி போய் விழுவீங்க. லேசா உரசவிட்டு, முட்டிக்கு வர்ற பாரத்தைக் குறைக்கத்தான் அது.

அடுத்தது கிராங்க், அதாவது பெடலை ஹப்போட இணைக்கிற கை. குட்டையா இருந்தா சமவெளியில வேகமா சுத்தலாம். நீளமா இருந்தா மேட்டுல ஏற சுலபம். என்னோடதுல ஒவ்வொரு கிராங்க்லயும் ரெண்டு துளை இருக்கு. பெடலை 125 மில்லிமீட்டர்லயும் மாட்டலாம், 150-லயும் மாட்டலாம். தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் ரோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் ஏறுது. அதனால 125-ல மாட்டிக்கிட்டேன். இந்த ரெண்டாவது துளையை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி கதையில வரும்.

பையை எங்க கட்டுறது?

நான் முதல்ல பண்ண தப்பு, முதுகுல பேக்பேக் மாட்டினது. சாதா சைக்கிள்ல உங்க எடை சீட்டு, ஹேண்டில்பார், பெடல்னு மூணு இடத்துல பிரியும். யூனிசைக்கிள்ல கிட்டத்தட்ட எல்லாமே சீட்டு மேலதான். முதுகுல 6 கிலோ ஏத்தினா, அந்த 6 கிலோவும் நீங்க உட்கார்ற இடத்தைத்தான் அழுத்தும். சென்னையில ஈ.சி.ஆர்.ல ஒரு தடவை அப்படி 15 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். அடுத்த ரெண்டு நாள் நின்னுக்கிட்டே வேலை பார்த்தேன்.

அதனால சாமான் வண்டியில இருக்கணும். ஆனா யூனிசைக்கிள் முன்னாடியும் பின்னாடியும் சாயுற வண்டி. எடை ஒரு பக்கம் கூடினா, அதைச் சமாளிக்க உங்க உடம்பு நாள் முழுக்க எதிர்ப்பக்கம் சாய்ஞ்சே இருக்கும். முதுகுவலி வர்ற வழி அதுதான். இதுக்கு சீசா பலகைக் கணக்கு போதும். சீட்டுக்கு முன்னாடி ஒரு கம்பி நீட்டி அதுல ஒரு பை, சீட் போஸ்ட்டுக்குப் பின்னாடி ஒரு பை. முன் பை நடுவுலயிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அதுல 2 கிலோ. பின் பை 24 சென்டிமீட்டர் தள்ளி, அதுல இரண்டரை கிலோ. 30 பெருக்கல் 2, அறுபது. 24 பெருக்கல் இரண்டரை, அதுவும் அறுபது. சரியாப் போச்சு.

கணக்கு போட வேண்டாம்னா கையாலயே பார்க்கலாம். பையெல்லாம் கட்டி முடிச்சதும் வண்டியை நேரா நிறுத்தி, சீட்டை ரெண்டு விரலால மட்டும் பிடிங்க. முன்னாடி இழுக்குதா, பின்னாடி இழுக்குதா? எந்தப் பக்கம் இழுக்குதோ அங்கயிருந்து ஒரு பொருளை எடுத்து மறுபக்கம் போடுங்க. தண்ணி குடிக்கக் குடிக்க இந்தக் கணக்கு மாறும். அதனால பாட்டிலை சீட் போஸ்ட்டோட ஒட்டிக் கட்டினேன். நடுவுல இருக்கிற எடை கூடினாலும் குறைஞ்சாலும் வித்தியாசம் பெருசா தெரியாது.

பின் பையில இன்னொரு சிக்கல். யூனிசைக்கிள்ல ஏறும்போது வண்டிக்குப் பின்னாடி நின்னு, சீட்டை ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சுக்கிட்டுத்தான் மேல எழும்பணும். பின் பை அகலமா இருந்தா தொடையில தட்டும், ஏறவே முடியாது. அதனால பின் பை சீட்டை விட அகலமா இருக்கக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி முழுப் பாரத்தோட 20 தடவை ஏறி இறங்கிப் பாருங்க. 20-ல 15 தடவையாவது சரியா வரலைன்னா, பை பெருசுன்னு அர்த்தம்.

உள்ள என்ன வச்சேன்? பின்னாடி கொசுவலை, பாய் மாதிரி சுருட்டுற மெல்லிய விரிப்பு, ஒரு போர்வை, ஒரு செட் துணி. முன்னாடி ட்யூப், பஞ்சர் ஒட்டுற சாமான், சின்ன பம்ப், ஆலன் கீ, லைட். போன், பணம், மருந்து எல்லாம் இடுப்புப் பையில. வண்டி கீழ விழுறப்ப முதல்ல தரையில மோதுறது பைதான், அதனால உடையுற பொருள் எதையும் அதுல வைக்காதீங்க. டென்ட் எடுக்கல. அது ஏன்னு அப்புறம் சொல்றேன். தண்ணி ஒரு லிட்டர் மட்டும். இந்த ரோட்டுல சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை. 4 லிட்டர் சுமக்குறது வீண் வேலை.

வால்வு விஷயத்தையும் சொல்லிடறேன். விலை கூடின சைக்கிள் ட்யூப்ல மெல்லிசா ஒரு வால்வு வரும். அதுக்கு நம்ம ஊர் பஞ்சர் கடையில காத்து அடிக்க முடியாது. மோட்டார் சைக்கிள்ல இருக்கிற அதே தடிமனான வால்வு உள்ள ட்யூப் வாங்குங்க. பெட்ரோல் பங்க்ல கூட காத்து பிடிச்சுக்கலாம்.

தேனி ஸ்டேஷன்ல நடந்த தப்பு

மதுரை - தேனி அகல ரயில்பாதை 2022 மே 26 திறந்தாங்க. 2023 ஜூன்லயிருந்து போடி வரைக்கும் வண்டி போகுது, சென்னையிலிருந்தும் நேரா ரயில் இருக்கு. அதுலதான் போனேன், பிப்ரவரி மாசம். சீட்டுக்கு அடியில வைக்கணும்னு சக்கரத்தைக் கழட்டி, ஃப்ரேமைத் தனியா ஒரு சாக்குல சுத்தி வச்சிருந்தேன்.

காலையில தேனி ஸ்டேஷன்ல இறங்கி, வெளியில உட்கார்ந்து வண்டியைப் பூட்ட ஆரம்பிச்சேன். சுத்தி ஒரு பத்துப் பேர். "தம்பி, இன்னொரு வீலு எங்க?"ன்னு ஒரு பெரியவர். "அடுத்த வண்டியில வருதுங்கய்யா"ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் ஜாலியா இருந்துச்சு. பேசிக்கிட்டே பூட்டினதுல சக்கரத்தை முன்பின்னா மாட்டிட்டேன். இடது கிராங்க் வலது பக்கம், வலது கிராங்க் இடது பக்கம்.

பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. டிஸ்க் பிரேக் இருந்திருந்தா டிஸ்க் தப்பான பக்கம் வந்து, பிரேக்கே மாட்ட முடியாம அப்பவே தெரிஞ்சிருக்கும். ரிம் பிரேக்குக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஓட்டுறதுலயும் வித்தியாசம் இல்ல. வித்தியாசம் பெடல் மரையிலதான். வலது பெடல் நாம வழக்கமா முறுக்குற திசையில இறுகும். இடது பெடலுக்கு எதிர்மரை. காரணத்தை வீட்டுலயே பார்க்கலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் பண்ணி, உள்ள ஒரு பேனாவை விட்டு, பேனாவோட ஒரு முனையைப் பிடிச்சு வட்டமா சுத்துங்க. வளையத்துக்குள்ள பேனா எதிர்த்திசையில உருளும். பெடல் தண்டும் கிராங்க் துளைக்குள்ள இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா உருளுது. சக்கரத்தைச் சரியா மாட்டினா இந்த உருளல் பெடலை இறுக்கும். மாத்தி மாட்டினா ஒவ்வொரு சுத்துக்கும் கழட்டும். நான் போட்டது ஆயிரக்கணக்கான சுத்து.

வீரபாண்டி தாண்டி சின்னமனூர் வரைக்கும் சுமார் 22 கிலோமீட்டர் நல்லாத்தான் போச்சு. 5 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி மூணு நிமிஷம் நடந்தேன். உட்கார்ற இடத்துக்கு ரத்த ஓட்டம் வேணும், அதனால வலி வர்றதுக்கு முன்னாடியே இறங்கிடணும். சின்னமனூருக்குக் கொஞ்சம் முன்னாடியே இடது பக்கம் டக் டக்னு ஒரு சத்தம். பை பக்கிள் அடிக்குதுன்னு நினைச்சு விட்டுட்டேன். சாப்பிட்டு, வெயில் தாழ்ந்து, மூணு மணிக்கு மேல திரும்பக் கிளம்பினேன். உத்தமபாளையத்துக்கு முன்னாடி கால் திடீர்னு காத்துல மிதிச்சுச்சு. பெடல் ரோட்டுல, நான் ரோட்டோரம். மணிக்கட்டுல கார்டு போட்டிருந்ததால தோல் தப்பிச்சுது. பின்னாடி வந்த லாரி நல்ல தூரத்துலயே வேகத்தைக் குறைச்சிருந்தார். அவருக்கு இப்பவும் நன்றி.

வண்டியைத் தள்ளிக்கிட்டு ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். கிராங்க் அலுமினியம், பெடல் தண்டு இரும்பு. அதனால துளையோட மரைதான் மழுங்கியிருந்துச்சு, பெடலுக்கு ஒண்ணும் ஆகல. கடைக்காரர் துளையை விரலால தடவிப் பார்த்துட்டு, "இது பிடிக்காது தம்பி"ன்னார். அப்புறம் வண்டியை ஒரு சுத்து பார்த்துட்டு, "பக்கத்துல இன்னொரு ஓட்டை சும்மாதானே இருக்கு?"ன்னு கேட்டார். அந்த 150 துளை. பதட்டத்துல எனக்கே அது தோணல.

சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டினோம். ரெண்டு பெடலையும் 150-க்கு மாத்தினோம். ஒண்ணை மட்டும் மாத்தினா ஒரு கால் பெரிய வட்டம், ஒரு கால் சின்ன வட்டம் போடும், அது ஆகாது. பெடலுக்கு 15 நம்பர் ஸ்பேனர் வேணும். நான் கொண்டு போகல, அவர்கிட்ட இருந்துச்சு. டீக்காசு மட்டும் வாங்கிக்கிட்டார்.

அதனால மூணு விஷயம். கிராங்க்ல எல், ஆர்னு எழுத்து இருக்கும், பூட்டினதும் உட்கார்ந்த நிலையில உங்க இடதும் அந்த எழுத்தும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. 15 நம்பர் ஸ்பேனர் பையில இருக்கட்டும். புதுசா ஒரு சத்தம் கேட்டா, அது என்னன்னு தெரியுற வரைக்கும் ஏறாதீங்க.

எங்க தூங்கறது?

இதுதான் ரொம்ப முக்கியம். "டென்ட் எடுத்துட்டுப் போய் மலையடிவாரத்துல எங்கயாவது போட்டுடலாம்"னு நினைக்கிறவங்களுக்காகச் சொல்றேன். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல நெல்லு, தென்னை, திராட்சைப் பந்தல். போட்டோவுல பார்த்தா எங்க வேணும்னாலும் படுத்துக்கலாம்னு தோணும். ஆனா மேகமலைப் பக்கம் 2021-லயிருந்து புலிகள் காப்பகம். காட்டுக்குள்ள அனுமதியில்லாம தங்குறது சட்டப்படி குற்றம். தோட்டம்னா அதுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். ஆத்தோரம்னா, முல்லைப் பெரியாறு அணையிலிருந்து திறந்துவிடுற தண்ணி அது, எப்ப கூடும்னு உங்களுக்குத் தெரியாது.

2023 மே 27, அரிக்கொம்பன் யானை கம்பம் ஊருக்குள்ளயே ஓடுச்சு. காட்டோரத்துல இல்ல, வீடும் ஆட்டோவும் இருக்கிற தெருவுல. ஜூன் 5-ம் தேதிதான் பிடிச்சாங்க. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 2018 மார்ச் 11, இதே தேனி மாவட்டத்துல குரங்கணி மலையில காட்டுத்தீ. வார இறுதிக்கு மலையேறப் போனவங்கள்ல 23 பேர் இறந்தாங்க. பல பேர் சென்னையிலிருந்து போன, நம்ம வயசு ஆளுங்க. பயமுறுத்தறதுக்காக இதைச் சொல்லல. எங்க தங்கறோம்னு உள்ளூர்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். வெளிய வர்ற வழி தெரிஞ்சிருக்கணும். சொந்தமா சமாளிக்கிற பயணம்னா யாருக்கும் சொல்லாம போறதுன்னு அர்த்தம் இல்ல.

என் நண்பனோட பெரியப்பாவுக்கு உத்தமபாளையம் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது, அந்த ரகம்தான். முன்னாடியே போன் பண்ணிக் கேட்டிருந்தேன். இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டேன். பந்தலுக்குக் கீழ விரிப்பைப் போடலாம்னு பார்த்தா, "அங்க வேணாம்ப்பா, பன்னி வரும். மோட்டார் ரூமு திண்ணையில படு"ன்னுட்டார். கொசுவலையைத் திண்ணைத் தூண்ல கட்டினேன். டென்ட் எடுக்காததுக்குக் காரணம் இதுதான். திண்ணையும் அனுமதியும் கிடைக்கிற ஊர்ல 2 கிலோ டென்ட் எதுக்கு?

ராத்திரி சாப்பிடும்போது பெரியப்பாவே பேச்சை எடுத்தார். "நாளைக்குக் குமுளி மலை ஏறப் போறியா?" ஆமான்னேன். "பெடலு கழண்டு விழுந்துச்சுன்ன. இறங்கும்போது விழுந்தா?" நான் பதில் சொல்லல. அவரும் திரும்பக் கேட்கல, இன்னொரு தோசை வச்சார்.

ஏன் திரும்பினேன்

கூடலூர் தாண்டினா லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டின பென்னிகுவிக்குக் அங்க மணிமண்டபம் இருக்கு. அதுக்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகளோட மலைப்பாதை. பஸ்ஸும் லாரியும் ஒண்ணையொண்ணு ஒதுங்கி நின்னு போற ரோடு. என்கிட்ட இருந்தது ஒரு பக்கம் மரை போன கிராங்க், மிச்சம் ஒரே துளை. அதுவும் போனா மாத்துறதுக்கு எதுவும் இல்ல. கிளம்பும்போது ரெண்டு துளை இருந்ததாலதான் அன்னைக்கு ராத்திரி திண்ணையில படுத்தேன். அந்த மாற்று வழியை ஏற்கெனவே செலவு பண்ணியாச்சு.

காலையில கம்பம் வழியா கூடலூர் வரைக்கும் ஓட்டினேன். மலை நல்லாத் தெளிவா தெரிஞ்சுது. ஒரு டீ குடிச்சுட்டு, வண்டியை பஸ் பின் சீட்டுல படுக்க வச்சு தேனிக்குத் திரும்பிட்டேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடும்போது, "பாதி சைக்கிளுக்குப் பாதி டிக்கெட்டா?"ன்னு கேட்டார். முழுசாத்தான் போட்டார்.

நீங்க போறதா இருந்தா டிசம்பர், ஜனவரி தொடக்கம் வேண்டாம், சபரிமலை சீசன்ல ரோடு நிறைய வண்டியா இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் பள்ளத்தாக்குல காத்து பலமா அடிக்கும். இந்தப் பக்கம் காத்தாலை வச்சிருக்காங்கன்னா சும்மாவா? ஒத்தைச் சக்கரத்துல பக்கக் காத்து ரொம்பச் சிரமம். ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்லது. பைபாஸை விட்டுட்டு ஊருக்குள்ள போற ரோட்டைப் பிடிங்க. நிழலும் டீயும் ஸ்பேனரும் அங்கதான் இருக்கு.

புது கிராங்க் ஆர்டர் போட்டிருக்கேன். குமுளி எங்கயும் போயிடாது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.